அடுத்த மாசம் வர்றேன்

1676, ஏப்ரல் 29. லண்டனில் ஒரு கிழவர் கடிதம் எழுதுகிறார். நண்பர் இருக்கும் இடம் நூறு மைலுக்கும் மேல். தனக்கோ 83-வது வயது நடக்கிறது. இரண்டையும் மறந்துவிட்டு அடுத்த மாதம் கிளம்பி வருகிறேன் என்கிறார். அந்தப் பயணத்தை அவர் யாத்திரை என்றே சொல்கிறார்.

அடுத்த மாதம் என்றால் மே. இங்கிலாந்தில் வசந்தம். டிரவுட் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து பூச்சி பிடிக்கும் காலம். கிழவர் பெயர் ஐசக் வால்டன். கடிதம் போன இடம் டோவ் நதிக்கரையில் இருந்த பெரஸ்ஃபோர்டு மாளிகை. அதன் உரிமையாளர் சார்லஸ் காட்டன், கவிஞர்.

இவர்கள் இரண்டு பேரும் எப்படி நண்பர்களானார்கள் என்று யாருக்கும் ஆச்சரியம் வரும். வால்டன் துணி வியாபாரம் செய்து பிழைத்தவர், பக்திமான், பாதிரிமார்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர். காட்டன் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. கேலிக் கவிதை எழுதுவார், கழுத்து வரைக்கும் கடன். கடன்காரர்கள் வந்தால் ஆற்றோரக் குகையில் போய் ஒளிந்துகொள்வார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. வயதில் 37 வருட வித்தியாசம். காட்டன் அவரை ‘அப்பா’ என்பார். அவர் இவரை ‘மகனே’ என்பார். ரத்த உறவு எதுவும் கிடையாது, தூண்டில் உறவுதான்.

வால்டன் நிறைய இழந்தவர். முதல் மனைவியும் போனார், அவருக்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவரும் தங்கவில்லை. இரண்டாம் மனைவியும் அவருக்கு முன்பே இறந்தார். நடுவில் உள்நாட்டுப் போர். 1649-இல் அவர் நம்பிய அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். 1651-இல் வோஸ்டர் போரில் அரசர் தரப்பு மறுபடி தோற்றபோது, இளம் அரசரின் பதக்கம் ஒன்று எதிரிகள் கையில் சிக்காமல் லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்த ரகசிய வேலையில் வால்டனுக்கும் பங்கு உண்டு. பிடிபட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். இரண்டே வருடத்தில், 1653-இல், அதே மனுஷன் மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’. ஆற்றோரம் நடந்தபடி பேசிக்கொண்டே போகிறவர்களின் உரையாடல். தோற்ற தரப்பைச் சேர்ந்த ஒருவர் ‘அமைதியாக இருக்கப் பழகுங்கள்’ என்ற வேதாகம அறிவுரையோடு அதை முடித்ததைச் சும்மா கடந்துபோக முடியாது.

அந்தப் புத்தகத்தில் ஒரு குறை இருந்தது. மண்புழு, தவளை என்று இரை கோர்த்துப் பிடிப்பதில் வால்டன் கில்லாடி. ஆனால் இறகும் ரோமமும் கட்டிச் செய்த பொய் ஈயால் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் அவருடைய கை இல்லை. அதற்கு தாமஸ் பார்க்கர் என்ற சமையல்காரர் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் வைத்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

காட்டனுக்கு அது கைவந்த கலை. டோவ் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஓடுகிற ஆறு, தண்ணீர் கண்ணாடி மாதிரி. கரையில் நிழல் ஆடினாலே டிரவுட் மறைந்துவிடும். அதனால் தள்ளி நின்று, மெல்லிசான கயிற்றை வீச வேண்டும். இன்றைய தங்கூஸ் நரம்பெல்லாம் அப்போது ஏது? குதிரைவால் மயிரை முறுக்கித்தான் கயிறு. முள்ளுக்குப் பக்கத்தில் இரண்டே மயிர் போதும் என்பார் காட்டன். அதோடு, எந்த மாதத்தில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதே மாதிரி ஈயைக் கட்ட வேண்டும். மேஃப்ளை என்றொரு பூச்சி உண்டு. நீண்ட காலம் தண்ணீருக்கடியில் புழுவாக வளர்ந்து, வசந்தக் கடைசியில் சிறகு முளைத்து மேலே வரும். வளர்ந்த பூச்சியால் எதையும் சாப்பிட முடியாது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்துப்போகும். அந்தச் சில நாட்கள் டிரவுட்டுக்குக் கல்யாண விருந்து.

1676-இல் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பு அச்சுக்குப் போனது. ஈ பற்றிய பகுதியை நீயே எழுது என்று வால்டன் விட்டுவிட்டார். சுமார் பத்து நாள் அவகாசத்தில் காட்டன் எழுதினார். மாதவாரியாக 65 ஈக்கள். எதற்கு எந்த ரோமம், எந்த நிறப் பட்டு என்பது வரைக்கும். அதில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டனில் கட்டிய தடித்த ஈ ஒன்றைப் பார்த்துவிட்டு, இதை என் வீட்டு ஜன்னலில் மாட்டி வைத்துச் சிரிக்கப்போகிறேன் என்கிறார் காட்டனின் பாத்திரம். அப்பாவின் புத்தகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் ஊர்ச்சரக்கைக் கிண்டலடிக்கிறார் மகன். அப்பா அதை அப்படியே அச்சிட்டார்.

23 வருடமாகத் தன் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் புத்தகம். ‘இது எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்’ என்று 82 வயசுக்கு மேல் ஒதுங்கி இடம்கொடுக்க எத்தனை பேரால் முடியும்? நண்பர்கள் சேர்ந்து ஆற்றங்கரைக்குப் போனால் நல்ல வளைவை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பார்கள். வால்டன் செய்ததும் அதுதான்.

காட்டனும் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தார். 1674-இலேயே டோவ் ஓரத்தில் சின்னதாக ஒரு கல் வீடு கட்டி, வாசலுக்கு மேல் இரண்டு பேருடைய பெயரின் முதலெழுத்துகளையும் பின்னிச் செதுக்கிவைத்தார். கூடவே, இது தூண்டில்காரர்களுக்கு உரிய புனித இடம் என்று லத்தீனில் ஒரு வரி.

கடன் விடவில்லை. 1681-இல் பெரஸ்ஃபோர்டு கைமாறியது. 1683 டிசம்பரில், 90 வயதில் வால்டன் இறந்தார். 1687-இல் காட்டன், அடைபடாத கடன்களோடு. மாளிகையும் பிறகு இடிந்துபோனது. அந்தக் கல் வீடு மட்டும் இன்னும் நிற்கிறது. பின்னிய எழுத்துகளில் எது அப்பாவுடையது, எது மகனுடையது என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.