மன்னார் ஈரநிலங்களும் மாரிப் பறவைகளும்

ஓரிடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் நாடுவது சான்று. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பிற நாட்டார் குறிப்பு என்பன கிடைக்குமிடத்து அவர்தம் பணி எளிதாகும். அவை கிடையாத விடத்து, நிகழ்ந்தது யாதாயினும் அது நிகழாததற்கு ஒப்பாகவே கருதப்படும். இவ்வுண்மை மனிதருக்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் நம் நாட்டின் வடகரைக்கு ஆயிரக்கணக்காக வந்து மீளும் பறவைகள் தம் வரவைத் தாமே எழுதிவைப்பதில்லை. கண்டோர் எழுதிவைத்தாலன்றி அவ்வரவு வரலாறாகாது. மன்னார்க் கரையோர ஈரநிலங்களுக்கு மாரிகாலத்தில் வரும் பறவைகளை யார் கண்டனர், யார் எழுதினர், எழுதப்படாமையால் நாம் இழந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதியின் இருமருங்கும் ஆழமற்ற கடலும் உவர்ச் சேறும் பரந்து கிடக்கின்றன. தெற்கே வங்காலை, அண்மையில் திருக்கேதீச்சரம், வடக்கே கண்டற் காடுகள் செறிந்த விடத்தல்தீவு என இப்பரப்பு நீள்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை பொழிகின்றது. அநுராதபுரப் பகுதியிலிருந்து வரும் அருவியாறு வெள்ளத்தைக் கொணர்கின்றது. அவ்வாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டு வழியாகப் பெறும் கட்டுக்கரைக்குளம் நிரம்புகின்றது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் நீர் நாளுக்கு நாள் வற்றி, விளிம்பில் புதிய சேற்றுத் தரையை வெளிப்படுத்தும். அச்சேற்றிலுள்ள புழுக்களும் சிறு நண்டுகளும் நத்தைகளுமே வந்த விருந்தினருக்கு உணவு. குறுகிய அலகுடைய உள்ளான்கள் மேற்பரப்பிலும், நீண்ட அலகுடைய மூக்கன்களும் கோட்டான்களும் ஆழத்திலும் இரை தேடுதலின், ஒரே சேற்றில் பல இனங்கள் பகையின்றி வாழ இடமுண்டாகின்றது. ஈண்டு ஒன்றைக் கருதுதல் தகும். கட்டுக்கரைக்குளம் நெல்லுக்காக மனிதர் கட்டியது. உழவரின் பணியும் பறவைகளின் வாழ்வும் இந்நிலத்தில் நெடுங்காலமாகப் பிணைந்தே வந்துள்ளன.

தை மாதத்து விடியற்காலையில் அத்தாம்போதியைக் கடப்போர், நீரின்மேல் கருநிறப் போர்வை விரித்தாற்போல வாத்துக்கள் மிதப்பதைக் காணலாம். கூரிய வாலுடைய ஊசிவால் வாத்து, நெற்றியில் வெளிர்மஞ்சட் பட்டையுடைய நாமத்தலை வாத்து, நீலச்சிறகி ஆகியன அவற்றுட் சில. நம்மவர் பெரும்பாலும் இவையனைத்தையும் தாரா என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவர். சற்றுத் தொலைவில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை வடித்து உண்டுகொண்டிருக்கும். இவற்றுட் பல வட ஆசியாவிலும் மத்திய ஆசியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கு நிலமும் நீரும் உறையும் காலத்தில் தெற்கு நோக்கி வருவன. அவை வரும் வழியை மத்திய ஆசியப் பறத்தல் வழி என்பர் அறிஞர். இலங்கை அவ்வழியின் தென்முனை. இத்தீவுக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரையும் பெருநிலம் யாதுமில்லை. ஆதலின் இங்கு வரும் பறவைக்கு இது தங்குமிடம் மட்டுமன்று, பயணத்தின் முடிவிடமுமாகும். இங்கு இரை கிடையாவிடின் அப்பாற் செல்ல அதற்கு வேறிடமில்லை.

பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்தலைத் தமிழர் அறியாதாரல்லர். சத்திமுத்தப் புலவர் பாடிய தனிப்பாடலில், செங்கால் நாரை தன் பெடையோடு தென்திசைக் குமரிக்குச் சென்று பின் வடதிசைக்கு மீளும் செய்தி பேசப்படுகின்றது. வறுமையுற்ற புலவர் தம் மனைவிக்குத் தூது விடுக்கும் பாட்டு அது. எனினும் பறவை எத்திசையிலிருந்து எத்திசைக்குச் செல்கின்றது என்பதைக் கவனித்த கண் அப்பாட்டினுள் உண்டு. மன்னார்ப் பகுதியின் மீனவரும் உழவரும் இவ்வறிவைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருந்தனர். எப்பறவை வந்தால் எக்காற்று வீசும், எவ்விடத்தில் மீன் உண்டு என்பன அவர்க்குத் தொழிலறிவு. ஆயின் அது வாய்மொழியாகவே நின்றது, ஏட்டில் ஏறவில்லை.

ஏட்டில் ஏற்றியோர் பிரித்தானிய ஆட்சியில் வந்த அலுவலரும் ஆய்வாளருமாவர். அவருள் முதன்மையான ஒருவர் எட்கார் லேயாட். அவர் 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பறவைகள் பற்றிய குறிப்புக்களை இலண்டனில் வெளிவந்த இயற்கை வரலாற்று ஏடொன்றில் தொடராக எழுதினார். பருத்தித்துறையில் தமக்குக் கிடைத்த சிறு பறவையொன்றைப் புதிய இனமெனக் கண்டு, 1854 ஆம் ஆண்டில் அதற்கு 'முத்துயி' என்று சிற்றினப் பெயர் சூட்டினார். முத்து என்பவர் லேயாட்டின் பணியாளர். தம் சேகரிப்பிலுள்ள சிறந்த பறவைகள் பலவற்றை அவருடைய விடாமுயற்சியாலேயே பெற்றதாக லேயாட் நன்றியுடன் குறித்துள்ளார். மண்ணிற மார்புடைய அவ் ஈப்பிடிப்பானும் மாரிகாலத்தில் இங்கு வந்து செல்லும் வலசைப் பறவையே. அது வாழ்வது ஈரநிலத்திலன்று, மர நிழலில். எனினும் அதன் பெயர் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுவது. உலகின் எப்பகுதியில் எம்மொழியாளர் அப்பறவையைப் பற்றி எழுதினும் முத்துவின் பெயரை எழுதியே தீரவேண்டும். ஆனால் முத்து தாம் கண்டவற்றைப் பற்றி எழுதிய வரி ஒன்றேனும் நம்மிடமில்லை. கண்டவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர். இந்நிலை பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

மன்னார்க் கரையைப் பொறுத்தவரை ஹோல்ட்ஸ்வேர்த் என்பாரின் பணி குறிப்பிடத்தக்கது. முத்துச் சலாபங்களை ஆராய்தற்பொருட்டு வந்த இவர், சிலாபத்துறைக்கு அண்மையிலுள்ள அரிப்பில் தங்கியிருந்தார். சிப்பிகளை ஆராய வந்தவர் கரையிலுள்ள பறவைகளையும் ஆராய்ந்து, 1872 ஆம் ஆண்டில் இலங்கைப் பறவைகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். அவருக்குப் பின் பீரங்கிப் படை அலுவலராகிய வின்சென்ற் லெக் 1878 ஆம் ஆண்டுக்கும் 1880 ஆம் ஆண்டுக்கும் இடையில் 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' என்னும் பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அரிப்பில் ஹோல்ட்ஸ்வேர்த் கண்டவை அந்நூலிற் பயன்படுத்தப்பட்டுள்ளன. பல பறவைகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் கேட்டறிந்து லெக் எழுதியுள்ளார். இருபதாம் நூற்றாண்டில் வெயிற் என்பாரின் கைந்நூல் 1925 ஆம் ஆண்டிலும், ஹென்றியின் வழிகாட்டி நூல் 1955 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியபின் ஆண்டுதோறும் குறிப்புக்கள் திரட்டப்பட்டன. இவையனைத்தும் ஆங்கிலத்திலேயே எழுந்தன என்பதைக் குறையாகக் கூறுவது எம் கருத்தன்று. அவர்கள் எழுதியிராவிடின் அக்காலம் பற்றி ஒன்றுமே அறியோம்.

இக்குறிப்புக்களாற் பயன் என்னை என்று ஒருவர் வினவலாம். சட்டத்தின் வரலாறு அதற்கு விடை கூறும். 1937 ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கே சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிலும், கட்டுக்கரைக்குளம் 1954 ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாக்கப்பட்டன. 1971 ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் நிறைவேறிய ஈரநில உடன்படிக்கை இன்னும் ஒரு படி சென்றது. ஓர் ஈரநிலம் 20,000 நீர்ப்பறவைகளை வழமையாகத் தாங்குமாயின், அல்லது ஓரினத்தின் தொகையில் நூற்றுக்கொரு பங்கைத் தாங்குமாயின், அது அனைத்துலக முக்கியத்துவம் பெற்றதெனக் கொள்ளப்படும் என்பது அவ்வுடன்படிக்கையின் அளவுகோல்களுட் சேர்ந்தது. அஃதாவது, ஒரு நிலத்தின் தகுதி எண்ணிக்கையால் மெய்ப்பிக்கப்படுகின்றது. பறவைகள் உள்ளன என்று கூறினாற் போதாது. எத்தனை, எந்நாளில், எத்தனை ஆண்டுகளாக என்று காட்டல் வேண்டும். இதன்பொருட்டே 1987 ஆம் ஆண்டு முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு சனவரியிலும் தொண்டர்களால் நடத்தப்பட்டு வருகின்றது.

கணக்கின் பயனை அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பூந்தல நன்கு விளக்கும். 1969 ஆம் ஆண்டில் சரணாலயமாகி, 1990 ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது ராம்சார் நிலமாகிய அவ்விடம் பூநாரைகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தின் கீழ் விரிந்த வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் அங்குள்ள களப்புக்களிற் சேர்ந்தது. உவர்ப்புக் குறைந்தது. உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்களை உண்ணும் பூநாரையின் வரவும் குறைந்தது. இம்மாற்றத்தை அறியவும் அதன் காரணத்தை ஆராயவும் முடிந்தமைக்குக் காரணம், முன்னர் எத்தனை பறவைகள் வந்தன என்பது எழுதப்பட்டிருந்தமையே.

வடக்கிலோ நிலைமை வேறு. 1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்தில் மன்னார்க் கரையிலும் வன்னிக் களப்புக்களிலும் முறையான கணக்கெடுப்பு இடையறாது நடைபெற வழியிருக்கவில்லை. தென்னிலங்கைக் களப்புக்களுக்குரிய குறிப்புக்கள் பெருகிய காலத்தில் வடக்குக்குரிய பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாயின. வலசை என்னும் சொல்லுக்கு, பகைவர் படைக்கு அஞ்சி மக்கள் தம் ஊரைவிட்டு அகலுதல் என்பது பழைய பொருள். அக்காலத்தில் பறவைகளின் வலசை நிகழ்ந்த அதே கரையில் மக்களின் வலசையும் நிகழ்ந்தது. வீடும் உறவும் இழந்தோர் வாத்துக்களை எண்ணவில்லையே என்று எவரும் குறை கூறார். எனினும் வரலாறு கற்போர் அவ்விழப்பின் தன்மையை உணர்தல் வேண்டும். அழிந்த கட்டடத்தை மீளக் கட்டலாம், எரிந்த நூலுக்கு வேறொரு படி தேடலாம். 1990 ஆம் ஆண்டுத் தைமாதத்தில் வங்காலைச் சேற்றில் எத்தனை ஊசிவால் வாத்துக்கள் இறங்கின என்பதை இனி எவராலும் எண்ண முடியாது.

வங்காலை 2008 ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 2010 ஆம் ஆண்டில் இலங்கையின் நான்காவது ராம்சார் நிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 4,800 ஹெக்டேயர். விடத்தல்தீவு 2016 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 29,000 ஹெக்டேயர் கொண்ட இயற்கை ஒதுக்கமாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் பிடித்த பறவைகளுக்குச் செய்மதியோடு தொடர்புடைய சிறு கருவிகளைப் பூட்டி விடுத்து, இங்கு மாரியைக் கழித்த கடற்காகங்கள் உருசியாவின் ஆட்டிக் கரைவரை செல்வதை அறிந்துள்ளனர். முன்னையோர் ஊகித்ததை இன்று நாள்தோறும் வரைபடத்திற் குறிக்கலாம்.

ஆயினும் அறிவிப்பு ஒன்றே காவலாகாது. 2020 ஆம் ஆண்டில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட மின்னுற்பத்தி நிலையம் தொடங்கிவைக்கப்பட்டது. அதனினும் பெரிய மற்றொரு திட்டம் பறவைகளின் வழியிலமைகின்றது என்னும் காரணமும் உட்பட உயர் நீதிமன்றத்தில் வழக்குக்களுக்கு உள்ளாயிற்று. 2025 ஆம் ஆண்டில் முதலீட்டாளர் அதினின்றும் விலகினர். 2024 ஆம் ஆண்டில் விடத்தல்தீவு ஒதுக்கத்தின் ஒரு பகுதியை நீர்வாழுயிரின வளர்ப்பின்பொருட்டு விடுவிக்கும் அறிவித்தல் வெளிவந்தபோது, உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், மக்களுக்குத் தொழிலும் வேண்டும். இவற்றை மறுப்பார் இலர். எவ்விடத்தில் அமைப்பது, எவ்விடத்தை விடுப்பது என்பதே வினா. அவ்வினா மன்றிலே எழும்போது, பறவையின் சார்பில் பேசும் சாட்சி பழைய பதிவேடுகளே. பதிவு உள்ள இடத்தில் வாதமுண்டு. பதிவில்லாத இடத்தில் எஞ்சுவது இரக்கம் ஒன்றே. இரக்கத்தை எந்த நீதிமன்றமும் சான்றாகக் கொள்வதில்லை.

ஆதலின் இவ்வாராய்ச்சி மாணவரை நோக்கியே முடிதல் வேண்டும். லேயாட்டின் காலத்தில் வேண்டப்பட்ட துப்பாக்கி இன்று வேண்டா. ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, ஒரு விடியற்காலை என்பன போதும். நாள், நேரம், இடம், நீரின் நிலை, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஆறையும் எழுதுக. பெயர் தெரியாவிடின் உருவத்தையும் அலகையும் காலின் நிறத்தையும் எழுதுக. தெரியாததைத் தெரிந்ததாக எழுதற்க. முதியோரிடம் கேட்டு, அவர் வழங்கும் பறவைப் பெயர்களையும் உடன் குறித்துக்கொள்க. ஓராண்டுக் குறிப்பு சிறிதாகத் தோன்றலாம். அவ்விடத்திலேயே பத்தாண்டு எழுதினால் அது சான்றாகும். யாழ்ப்பாணத்து மாணவருக்கு மன்னார் தொலைவெனின், நாவற்குழியும் தொண்டைமானாறும் ஆனையிறவும் தொலைவல்ல. அங்கும் அதே மாரியில் அவ்விருந்தினர் வருகின்றனர்.

முத்து பறவைகளைக் கண்டார். அவர் கண்டவற்றை எழுத வேறொருவர் வேண்டியிருந்தது. இன்று நம் மாணவர் எழுத்தறிந்தவர், மும்மொழியிலும் பயில்பவர். காண்பவரும் எழுதுபவரும் ஒருவராகவே இருக்கத்தக்க காலம் வாய்த்துள்ளது. வருகின்ற தைமாதத்தில் ஒரு மாணவரேனும் குறிப்பேட்டோடு களப்பங்கரையில் நிற்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கிடைத்ததாகக் கொள்வேன்.