ஒருவர் தொடங்கிய ஓட்டம்

1977ஆம் ஆண்டில், கனடா நாட்டு இளைஞர் ரெறி பொக்ஸ் என்பாரின் வலக்கால், எலும்புப் புற்றுநோய் காரணமாக முழங்காலுக்கு மேலே துணிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 18. மருத்துவமனையில் உடனிருந்த நோயாளரின் துயரம் அவர் நெஞ்சை வாட்டியது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுவதற்காக நாட்டைக் குறுக்கே ஓடிக் கடப்பதென உறுதி பூண்டார்.

1980 ஏப்பிரல் 12ஆம் நாள், செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீற்றர் ஓடினார். தொடக்கத்திற் கவனித்தோர் சிலரே; ஒன்ராறியோவிலோ மக்கள் வெள்ளம் அவரை எதிர்கொண்டது. ஆயினும், 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் கடந்த நிலையில், செப்டெம்பர் 1ஆம் நாள் தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் ஈதல் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். 1981 பெப்ரவரியில் நிதி 2 கோடி 40 இலட்சம் டொலரைக் கடந்து, நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடாயிற்று. அவ்வாண்டு யூன் 28ஆம் நாள் அவர் மறைந்தார்.

செப்டெம்பரில் நிகழ்ந்த முதலாவது நினைவோட்டத்தில் மூன்று இலட்சம் பேர் பங்குபற்றினர். அவ்வோட்டத்தில் வென்றாருமில்லை, தோற்றாருமில்லை; நுழைவுக் கட்டணமுமில்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் செல்லலாம். ஊர்தோறும் அதனை நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. ஒருவரால் முடிக்க இயலாத வழியை ஊரார் கூடிக் கடக்கின்றனர்.