பன்னாட்டு ரோமிங்

பன்னாட்டு ரோமிங் என்பது, ஒரு நாட்டில் பெற்ற நகர்பேசி (செல்லிடத் தொலைபேசி) இணைப்பை வேறொரு நாட்டில், அந்நாட்டு நிறுவனம் ஒன்றின் வலையமைப்பு வழியாகப் பயன்படுத்த உதவும் சேவை ஆகும். எண்ணும் சிம் அட்டையும் மாறுவதில்லை. பயணி தன் நாட்டில் இருப்பது போலவே பேசவும், குறுஞ்செய்தி அனுப்பவும், இணையத்தைப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் இதற்கான கட்டணம் உள்நாட்டுக் கட்டணத்தை விடப் பெரும்பாலும் அதிகம். பயணி அறிந்து பேசும் அழைப்புகளை விட, அவர் அறியாமல் நகர்பேசி செய்யும் வேலைகளே பெருஞ்செலவுக்குக் காரணமாவதுண்டு.

செயற்படும் முறை

ஒவ்வொரு சிம் அட்டையிலும் சந்தாதாரரை அடையாளம் காட்டும் எண் ஒன்று பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 ஆகியனவும், இலங்கைக்கு 413உம், சிங்கப்பூருக்கு 525உம் வழங்கப்பட்டுள்ளன. வெளிநாட்டில் நகர்பேசியை இயக்கியதும், அங்குள்ள வலையமைப்பு இவ்வெண்ணைப் படித்து அது எந்த நிறுவனத்துக்கு உரியது என அறிகிறது. பின்னர் அந்நிறுவனத்திடம் கேட்டு இணைப்பை உறுதி செய்கிறது. தாய் நிறுவனம் தன் சந்தாதாரர் தற்போது எந்த வலையமைப்பில் உள்ளார் என்பதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. இரு நிறுவனங்களுக்கும் இடையே முன்னரே ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இவ்வாறு நிகழும்.

ரோமிங்கில் உள்ளவருக்கு வரும் அழைப்பு முதலில் அவருடைய தாய்நாட்டுக்குச் சென்று, அங்கிருந்து அவர் இருக்கும் நாட்டுக்குத் திருப்பப்படுகிறது. எடுத்துக்காட்டாக, சென்னை எண் கொண்ட ஒருவர் பாரிசில் இருக்கும்போது சென்னையிலிருந்து அவரை அழைப்பவர் வழக்கமான உள்நாட்டுக் கட்டணத்தையே செலுத்துவார். சென்னைக்கும் பாரிசுக்கும் இடைப்பட்ட பகுதியின் செலவு அழைப்பை ஏற்பவரைச் சாரும். இந்திய எண்கள் கொண்ட இருவர் பாரிசில் ஒரே விடுதியில் தங்கி ஒருவரையொருவர் அழைத்தாலும், அவ்வழைப்பு இந்தியா சென்று திரும்பும். அழைப்பவர், ஏற்பவர் இருவர் மீதும் கட்டணம் விழக்கூடும்.

கட்டணம் உருவாகும் விதம்

ரோமிங் கட்டணத்தில் இரண்டு அடுக்குகள் உள்ளன. வெளிநாட்டு நிறுவனம் தாய் நிறுவனத்திடம் பெறுவது மொத்தக் கட்டணம். தாய் நிறுவனம் அதன் அடிப்படையில் வாடிக்கையாளரிடம் பெறுவது சில்லறைக் கட்டணம். மொத்தக் கட்டணத்தைப் பேசி முடிவு செய்யும் இடத்தில் வாடிக்கையாளர் இருப்பதில்லை. அவர் தன் இணைப்பை உள்நாட்டுக் கட்டணத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார். ஆகவே ரோமிங் கட்டணத்தைக் குறைக்குமாறு நிறுவனங்களை நெருக்கும் போட்டி நெடுங்காலம் குறைவாகவே இருந்தது.

வரலாறு

ஐரோப்பாவில் ஒரு நாட்டுக் கருவி மற்றொரு நாட்டிலும் இயங்க வேண்டும் என்பது ஜி.எஸ்.எம். தொழில்நுட்பத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 1987இல் கோபனாவனில் கையெழுத்தானது. முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தம் 1992இல் பின்லாந்தின் டெலிகாம் பின்லாந்து, ஐக்கிய இராச்சியத்தின் வோடபோன் ஆகிய நிறுவனங்களுக்கு இடையே ஏற்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு

உயர்ந்த ரோமிங் கட்டணத்துக்கு எதிரான விரிவான சட்ட நடவடிக்கைகளுள் ஐரோப்பிய ஒன்றியத்தினது குறிப்பிடத்தக்கது. ஒன்றியம் 2007 முதல் உச்சவரம்புகளை விதித்துப் படிப்படியாகக் குறைத்தது. வரி நீங்கலாக அவற்றுள் சில பின்வருமாறு:

- 2007: வெளிச்செல்லும் அழைப்பு நிமிடத்துக்கு 0.49 யூரோ, உள்வரும் அழைப்பு 0.24 யூரோ
- 2009: வெளிச்செல்லும் அழைப்பு 0.43 யூரோ, குறுஞ்செய்தி 0.11 யூரோ
- 2012: வெளிச்செல்லும் அழைப்பு 0.29 யூரோ, இணையத் தரவு மெகாபைட்டுக்கு 0.70 யூரோ
- 2014: வெளிச்செல்லும் அழைப்பு 0.19 யூரோ, இணையத் தரவு மெகாபைட்டுக்கு 0.20 யூரோ
- 2017 சூன் 15: கூடுதல் ரோமிங் கட்டணம் நீக்கம்

2012ஆம் ஆண்டின் உச்சவரம்பின்படி 700 மெகாபைட்டு அளவுள்ள ஒரு திரைப்படத்தைத் தரவிறக்க 490 யூரோ செலவாகும். இத்தகைய எதிர்பாராக் கட்டணங்களைத் தடுக்க, மாதத்துக்கு 50 யூரோவை எட்டியதும் இணைய இணைப்பை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு 2010இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது.

மொத்தக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2017இல் ஒரு கிகாபைட்டுக்கு 7.70 யூரோவாக இருந்த இது, 2022இல் 2 யூரோவாகக் குறைக்கப்பட்டது. 2022இல் புதுப்பிக்கப்பட்ட விதிகள் 2032 வரை செல்லும். நோர்வே, ஐசுலாந்து, லீக்கின்சுடைன் ஆகியவற்றுக்கும் இவை பொருந்தும், சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தா. ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை விட்டு விலகிய பின் அங்குள்ள நிறுவனங்கள் சில ரோமிங் கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தன.

இவ்விதிகள் உறுப்பு நாடுகளில் வழங்கப்பட்ட சிம் அட்டைகளுக்கே உரியவை. இந்திய அல்லது இலங்கைச் சிம் அட்டையுடன் ஐரோப்பா செல்பவருக்கு அவருடைய தாய் நிறுவனத்தின் கட்டணமே பொருந்தும். மாறாக, பிரான்சில் வாங்கிய சிம் அட்டையின் திட்டத்தை, நியாயமான பயன்பாட்டு வரம்புக்கு உட்பட்டு, செருமனியிலும் இத்தாலியிலும் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

அறியாமல் ஏற்படும் செலவுகள்

- பின்னணி இணையப் பயன்பாடு: செயலிகளின் புதுப்பிப்பு, நிழற்படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புதல், மின்னஞ்சல் பெறுதல் ஆகியன நகர்பேசி பையில் இருக்கும்போதும் நடைபெறும்.
- குரல் அஞ்சல்: ரோமிங்கில் உள்ளவர் எடுக்காத அழைப்பு, வெளிநாடு வரை வந்து மீண்டும் தாய்நாட்டுக் குரல் அஞ்சலுக்குத் திருப்பப்படலாம். அப்போது பேசாத அழைப்புக்கு உள்வரும் கட்டணமும் வெளிச்செல்லும் கட்டணமும் சேரக்கூடும்.
- எல்லைப்பகுதிகள்: வானலைகள் நாட்டு எல்லையில் நிற்பதில்லை. தனுஷ்கோடியில் இலங்கை வலையமைப்பின் அலை கிடைப்பதுண்டு. ரோமிங் இயக்கத்தில் இருந்தால், நாட்டை விட்டு நீங்காமலேயே ரோமிங் கட்டணம் செலுத்த நேரிடலாம்.
- கப்பல், வானூர்தி: இவற்றில் செயற்கைக்கோள் வழி இயங்கும் வலையமைப்புகள் தனிக் கட்டணம் கொண்டவை. ஐரோப்பிய உச்சவரம்புகளும் பெரும்பாலான ரோமிங் திட்டங்களும் இவற்றை உள்ளடக்குவதில்லை.

செலவைக் குறைக்கும் வழிகள்

தரவு ரோமிங்கை நிறுத்துதல்: நகர்பேசியின் அமைப்புகளில் தரவு ரோமிங்கை மட்டும் தனியே நிறுத்தலாம். அழைப்பும் குறுஞ்செய்தியும் தொடர்ந்து இயங்கும். குரல் அஞ்சலுக்கான அழைப்புத் திருப்பத்தைப் புறப்படும் முன்னரே நீக்குவது நன்று. எல்லைப்பகுதிகளில் வலையமைப்பைத் தானாகத் தேர்வதை விடுத்துக் கைமுறையாகத் தேரலாம்.

ரோமிங் திட்டம்: தாய் நிறுவனங்கள் குறிப்பிட்ட நாட்களுக்கெனத் தனித் திட்டங்களை விற்கின்றன. திட்டத்தில் அடங்கும் நாடுகள், கூட்டாளி வலையமைப்புகள், தொடங்கும் நேரம் ஆகியவற்றைப் படித்தறிதல் வேண்டும். இடையில் விமானம் மாறும் நாடு திட்டத்தில் இல்லாமல் போவது அடிக்கடி கவனிக்கப்படாத ஒன்றாகும்.

உள்ளூர்ச் சிம் அட்டை: நீண்ட நாள் தங்குபவருக்கும் கல்விக்காகச் செல்பவருக்கும் இது பெரும்பாலும் மலிவானது. பல நாடுகளில் இதைப் பெறக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்.

இ-சிம்: இது கருவியிலேயே பொதிந்துள்ள சிம் ஆகும். பயணத்துக்கு முன்பே இணையம் வழியாக வாங்கிப் பதிந்துகொள்ளலாம். பயணிகளுக்கான இ-சிம்களுள் பல இணையத் தரவை மட்டுமே வழங்குகின்றன; அவற்றில் தொலைபேசி எண் இராது.

வை-ஃபையும் இணைய அழைப்பும்: விடுதிகளிலும் வானூர்தி நிலையங்களிலும் கிடைக்கும் வை-ஃபை வழியாக வாட்சப் முதலிய செயலிகளில் பேசலாம். சிம் அட்டையை மாற்றினாலும் வாட்சப் பழைய எண்ணிலேயே இயங்கும். ஆனால் சீனாவில் வாட்சப் தடை செய்யப்பட்டுள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்சப் வழிக் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு உள்ளது.

தாய்நாட்டு எண்ணின் தேவை

செலவைத் தவிர்க்கத் தாய்நாட்டுச் சிம் அட்டையைக் கழற்றிவிடுவோர் வேறொரு சிக்கலைச் சந்திக்கின்றனர். வங்கிப் பரிமாற்றத்துக்கான ஒருமுறைக் கடவுச்சொல் பெரும்பாலும் பதிவு செய்த எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வரும். அது கிடைக்காவிடில் வெளிநாட்டில் இருந்தபடி கல்விக் கட்டணம் செலுத்துவதும், குடும்பத்துக்குப் பணம் அனுப்புவதும் தடைப்படும். ஆகவே இரு சிம் வசதியுள்ள கருவியில், தாய்நாட்டு எண்ணைக் குறுஞ்செய்திக்காக மட்டும் வைத்து, இணையத்தை உள்ளூர்ச் சிம்முக்கு ஒதுக்கும் முறை பரவலாகக் கைக்கொள்ளப்படுகிறது. ஒரு சிம்மில் அலை குறைந்தால் மற்றொன்றின் தரவுக்குத் தானாக மாறும் வசதியை அப்போது நிறுத்தி வைக்க வேண்டும். ரோமிங்கில் உள்வரும் குறுஞ்செய்திக்குப் பல நிறுவனங்கள் கட்டணம் பெறுவதில்லை. எனினும் ரோமிங் வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருப்பதும், இணைப்பின் செல்லுபடிக் காலம் பயணத்தின் இடையே முடியாதிருப்பதும் இன்றியமையாதவை.