தொடக்கப் பள்ளியின் தேர்வுச் சராசரி எதை அளக்கிறது? அமெரிக்க அனுபவம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு தொடக்கப் பள்ளியின் தேர்வுச் சராசரி உயர்ந்தால் அங்கே கற்பித்தல் சிறக்கிறது என்றும், தாழ்ந்தால் ஆசிரியர்கள் கடமை தவறுகிறார்கள் என்றும் கொள்வது பொதுவழக்கு. அமெரிக்காவில் இந்த எண்ணமே சட்டமாயிற்று. 2002 ஜனவரி 8 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்பிலும் கணக்கிலும் ஆண்டுதோறும் தரப்படுத்தப்பட்ட தேர்வு நடத்துமாறு மாநிலங்களைப் பணித்தது. 2013–14 கல்வியாண்டுக்குள் மாணவர் அனைவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்பது இலக்கு. ஏழை மாணவருக்கான மத்திய நிதி பெறும் பள்ளி அடுத்தடுத்து இலக்கைத் தவறவிட்டால், பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற வாய்ப்பளிப்பதில் தொடங்கி, பணியாளரையும் நிர்வாகத்தையும் மாற்றுவது வரை நடவடிக்கை நீண்டது.

இச்சட்டத்தால் ஒரு நன்மை விளைந்தது. இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலத் தேர்ச்சிக் குறைவு என்ற பிரிவுகளின்படி முடிவுகளைத் தனித்தனியே வெளியிட வேண்டியிருந்ததால், நல்ல சராசரிக்குப் பின்னால் பின்தங்கிய குழந்தைகளை மறைக்க முடியாமற் போயிற்று. ஆகவே தேர்வே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. குழந்தைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பள்ளிச் சராசரி ஓரளவு காட்டும். பள்ளி அவர்களுக்கு என்ன செய்தது என்பதைக் காட்டாது. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொண்டு அதன்மேல் தண்டனையையும் ஏற்றியபோது, முதலாவது பயனும் பழுதுபட்டது என்பதே இங்கு நிறுவப்படுவது.

நிலையும் வளர்ச்சியும்

ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரை ஆராய்ந்த ஜேம்ஸ் கோல்மன் குழுவின் அறிக்கை 1966இல் வெளிவந்தது. மதிப்பெண் வேறுபாட்டுக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்றது அது. அதன் முறையியலைப் பலர் மறுத்துள்ளனர். ஆயினும் பள்ளியின் சராசரி அதன் மாணவருடைய குடும்ப வருவாயோடு இறுக்கமாகப் பிணைந்துள்ளது என்ற முடிவு நிலைத்துவிட்டது.

சிகாகோ பொதுப் பள்ளிகள் இதற்குத் தக்க சான்று. மூன்றாம் வகுப்பில் அந்நகரக் குழந்தைகளின் சராசரி தேசியச் சராசரிக்கு மிகவும் கீழே இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2009 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, அதே குழந்தைகள் எட்டாம் வகுப்பை எட்டுவதற்குள், ஐந்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஆறாண்டுக்குரிய கற்றலைப் பெற்றிருந்தது தெரிந்தது. நாட்டின் பெரிய பள்ளி மாவட்டங்களில் இது முன்னணி வேகம். மூன்றாம் வகுப்புச் சராசரியை மட்டும் பார்ப்பவர் இப்பள்ளிகளைத் தோல்வி என்பார். வளர்ச்சியைப் பார்ப்பவர் பாராட்டுவார். தரவு ஒன்றே, கேள்விதான் வேறு.

தற்செயலின் பங்கு

தொடக்கப் பள்ளி சிறியது என்பது அடுத்த சிக்கல். ஒரு வகுப்பு நிலையில் 60 குழந்தைகள், அவர்களில் பாதிப்பேர் தேர்ச்சி பெறக்கூடியவர்கள் எனக் கொள்வோம். அந்தந்த ஆண்டில் யார் வந்து சேர்ந்தார்கள் என்ற தற்செயலால் மட்டுமே தேர்ச்சி வீதத்தில் ஏற்படும் திட்டப் பிழை 6.5 விழுக்காட்டுப் புள்ளி. ஆகவே ஓராண்டில் 56 விழுக்காடு, மறு ஆண்டில் 44 விழுக்காடு என்று வருவதற்குக் கற்பித்தலில் எந்த மாற்றமும் தேவையில்லை. செய்தித்தாளோ முதலாவதைச் சாதனை என்றும் இரண்டாவதைச் சரிவு என்றும் எழுதும். தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் வட கரோலினாத் தரவுகளைக் கொண்டு இதை விரிவாகக் காட்டினர். பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் மிகுதியாக இடம்பெற்றன. அவற்றின் எண்கள் மிகுதியாக ஊசலாடியதே காரணம். கடைசி இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் குவிவதற்கு இதே காரணம் போதும்.

தண்டனை இணைந்தபோது

எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் சேர்ந்தால் எண்ணே மாறத் தொடங்குகிறது. தேர்ச்சி வீதம் என்ற அளவுகோலுக்குத் தேர்ச்சிக் கோட்டைச் சற்றே தாண்டக்கூடிய குழந்தைதான் மதிப்புள்ளது. டெரெக் நீலும் டயான் விட்மோர் ஷான்சன்பாக்கும் சிகாகோ ஐந்தாம் வகுப்பு மாணவரை ஆராய்ந்து, நடுத்தர மாணவர் முன்னேறினர், அடிமட்டத்தில் இருந்தோருக்குப் பயன் கிட்டவில்லை என்று 2010இல் காட்டினர். எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது என்ற சட்டம் மிகவும் பின்தங்கியவரையே விட்டுவிட்டது.

மதிப்பெண் வீக்கம் இன்னொரு விளைவு. டேனியல் கொரெட்ஸ் குழு 1991இல் அளித்த ஆய்வில், ஒரு மாவட்டம் பழகிய தேர்வை விட்டுப் புதிய தேர்வுக்கு மாறியதும் மூன்றாம் வகுப்புக் கணக்குச் சராசரி ஏறத்தாழ அரை வகுப்பளவு சரிந்தது. நான்கே ஆண்டுகளில் அது பழைய உயரத்தைத் தொட்டது. அப்போது பழைய தேர்வையே மீண்டும் வைத்துப் பார்த்தபோது, அதில் மதிப்பெண் சரிந்திருந்தது. குழந்தைகள் கூடுதலாகக் கற்றது கணக்கையன்று, குறிப்பிட்ட ஒரு வினாத்தாளை.

அட்லாண்டாவில் மதிப்பெண்ணை உயர்த்தும் முயற்சி குற்றமாகவே முடிந்தது. விடைத்தாள்களில் அழித்துத் திருத்திய தடங்கள் அளவுக்கு மீறியிருந்ததைத் தொடர்ந்து நடந்த மாநில விசாரணை, 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாகவும் 178 கல்வியாளர்கள் அதில் தொடர்புற்றிருந்ததாகவும் 2011இல் அறிவித்தது. 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. திருத்திய விடைத்தாளால் பெரிதும் இழந்தவர் குழந்தைகளே. தேறியதாகப் பதிவான குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று எவருக்கும் தோன்றாது.

வளர்ச்சி அளவீட்டின் எல்லை

அப்படியானால் நிலையை விட்டு வளர்ச்சியை அளந்தால் போதுமா? 2015 டிசம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் வந்த ‘ஒவ்வொரு மாணவரும் வெற்றி பெறுவர்’ சட்டம், தொடக்கப் பள்ளிகளை மதிப்பிட வளர்ச்சியையும் கணக்கிற்கொள்ள இடந்தந்தது. இது சரியான திசையே. ஆனால் இரண்டு தேர்வுகளின் வேறுபாட்டில் இரண்டின் பிழையும் சேர்வதால், ஓராண்டு வளர்ச்சி எண் சராசரியைவிட நம்பகம் குறைந்தது. மேலும், தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில் நான்கு, ஐந்து ஆகிய இரு வகுப்புகளின் வளர்ச்சி மட்டுமே பதிவாகும். எழுத்தறிவித்து எண்ணறிவிக்கும் முதலிரண்டு வகுப்பு ஆசிரியரின் உழைப்பு வளர்ச்சிக் கணக்கில் ஏறுவதே இல்லை.

முடிவுரை

தண்டனை இணையாத தேர்வும் அமெரிக்காவில் உண்டு. 1969 முதல் நடந்துவரும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு மாதிரிக் கணிப்பு. தேர்ந்தெடுத்த மாணவர் மட்டும் எழுதுவர். ஒவ்வொருவரும் வினாக்களில் ஒரு பகுதிக்கே விடையளிப்பர். தனி மாணவருக்கோ பள்ளிக்கோ மதிப்பெண் கிடையாது. அதனால் எவருக்கும் பதவி உயர்வுமில்லை, பணி நீக்கமுமில்லை. அதன் எண்களை ஆய்வாளர் நம்புவதற்கு இது முக்கியக் காரணம். நாட்டின் கல்வி நிலையை அறிய இத்தகைய மாதிரித் தேர்வு போதும். தனிப் பள்ளியை மதிப்பிட வேண்டுமானால் மூன்றாண்டுக்குக் குறையாத வளர்ச்சிச் சராசரியும், அதன் பிழை எல்லையும், தொடக்க வகுப்புகளை நேரில் பார்த்தறிந்த குறிப்பும் சேர்ந்தே வர வேண்டும். ஓராண்டுத் தேர்ச்சி வீதத்தை மட்டும் வைத்து எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் பரிசளிப்பதும் தண்டனை விதிப்பதும் ஆய்வு நெறிக்கு ஒவ்வாதவை. கல்வித் துறைகள் அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும்.