கறைநீரில் கொடுவாவும் போலி இரையின் நிறமும்: ஒரு மறுவாசிப்பு

போலி இரையின் நிறத்தைப் பற்றி எழுதுவோர் அநேகமாக ஒரே வரிசையைத்தான் ஒப்பிக்கிறார்கள்: ஆழம் கூடக்கூட முதலில் சிவப்பு மறையும், அடுத்து ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் கடைசிவரை நிற்கும். தெளிந்த நீலக்கடலுக்கு இது சரி. 1930களில் இயற்கையியலாளர் வில்லியம் பீப் பெர்முடா அருகே எஃகுக் கோளத்துக்குள் அமர்ந்து ஆழ்கடலில் இறங்கியபோது கண்டதும் இதையே. தூத்துக்குடியின் முத்துப் பார்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். காற்று ஓய்ந்து நீர் தெளியும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் அங்கே சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடத்தினார்கள்.

அதே வரிசையைத் தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்தால், விதியே தலைகீழாகிவிடுகிறது. அலையாத்தி இலைகள் அழுகிக் கரைந்து, தேநீர்ச் சாயலில் கிடக்கும் நீர் அது. கரைந்த கரிமப் பொருள் முதலில் உறிஞ்சுவது ஊதாவையும் நீலத்தையும். சிவப்பை உறிஞ்சுவது நீரேதான். அதற்குப் பல மீட்டர் ஆழம் வேண்டும். ஓரிரு மீட்டர் ஆழமுள்ள கழிமுகத்தில் ஆகவே நீலம் கறுத்துவிடும், சிவப்பு எஞ்சி நிற்கும். இதுவரை துறைக்குள் பெரிய தகராறு இல்லை. அடுத்த படியில்தான் தகராறு.

கறைநீரில் சிவப்பு எஞ்சுகிறது. எனவே சிவப்பு இரையே மீன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு தரப்பு முடிவு கட்டுகிறது. அதற்கு அவர்கள் துணைக்கு அழைப்பது, பெருவாய்ப் பாஸ் மீனின் நிறப்பார்வை பற்றி இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கட்டுரை. அந்தக் கட்டுரை சிறந்த கட்டுரை. அதன் வாசிப்புதான் பிழையானது என்பது என் வாதம்.

அதில் உள்ளதை முதலில் பார்ப்போம். அந்த மீனின் விழித்திரையில் கூம்பு செல்கள் இரு வகை. ஒற்றைக் கூம்பின் உச்ச உணர்திறன் 535 நானோமீட்டரில், அதாவது பச்சையில். இரட்டைக் கூம்பின் உச்சம் 614-இல், சிவப்பை ஒட்டிய ஆரஞ்சில். மங்கிய ஒளிக்கான குச்சி செல்லின் உச்சம் 528. நீலத்துக்கெனத் தனிக் கூம்பு கிடையாது. பிறகு ஒரு குறிப்பிட்ட நிறத்தைத் தேர்ந்தால் உணவு கிடைக்கும் என்று மீன்களைப் பழக்கிச் சோதித்தார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் பழகியவை தம் நிறத்தைத் தெளிவாகப் பிரித்தறிந்தன. கிளிப்பச்சை மஞ்சளுக்குப் பழகியவை வெள்ளையோடும், நீலத்துக்குப் பழகியவை கறுப்போடும் குழம்பின.

614 என்ற அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, பாஸ் மீன் சிவப்பை விரும்புகிறது என்று எழுதுவது முதல் பிழை. உணவு கொடுத்துப் பழக்கிய மீன் காட்டுவது நினைவையும் பிரித்தறியும் திறனையும், விருப்பத்தை அல்ல. பச்சைக்குப் பழகிய மீன் பச்சையைத் தேடிப் போனது என்பதை இவர்கள் சொல்வதில்லை.

இரண்டாவது பிழை ஆழமானது. இரண்டு நிறங்களை மீன் பிரித்தறியுமா என்பதே அந்த ஆய்வு கேட்ட கேள்வி. கறைநீரின் ஊடாக ஓர் இரை எப்போது கண்ணில் படும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வேறுபாட்டில் இருக்கிறது. இரை மட்டும் தனியே தெரிவதில்லை. பின்னால் விரியும் நீரொளியிலிருந்து அது எவ்வளவு பிரிகிறது என்பதைப் பொறுத்தே தெரியும். புன்னக்காயல் நீரில் பக்கவாட்டில் பார்க்கும் மீனுக்கு அந்த நீரொளியே செம்பழுப்பு. நண்பகலில் அதே அலைநீளங்களைத் திருப்பி அனுப்பும் சாதாரணச் சிவப்பு இரை, பின்னணியோடு கலந்து போகவே வாய்ப்பு அதிகம். 614-இல் உச்சம் கொண்ட கூம்பு இந்தக் கலப்பைக் குறைக்காது. பின்னணியையும் இரையையும் அது ஒருசேர வெளிச்சமாகக் காட்டும். ஒளிமிக்க பின்னணியில் கறுத்த உருவத்தைக் காண்பதற்கே, சூழொளியோடு பொருந்திய பார்வை நிறமி மிகவும் உதவும் என்று மீன் பார்வை ஆய்வில் 1970களிலேயே வாதிட்டிருக்கிறார்கள். சிவப்பு இரைக்குச் சாதகமாக எடுத்துக்காட்டப்படும் அதே எண், கறுப்பு இரைக்கே வலுவான சாட்சி.

அந்தி மயங்கியதும் நிலைமை மாறுகிறது. கூம்புகள் ஓய்ந்து குச்சி செல்கள் பொறுப்பேற்கும்போது, உச்சம் 528-க்கு இறங்கிவிடுகிறது; நெடிய அலைநீளச் சிவப்பொளி அந்த செல்லுக்கு ஏறக்குறைய இருட்டு. நண்பகலில் பின்னணியில் கரைந்த அதே சிவப்பு இரை, மாலையில் கறுப்பு இரையாக வேலை செய்கிறது. ‘சிவப்புக்குத்தான் அடித்தது’ என்று ஒருவரும் ‘சிவப்பை மீன் தொடவே இல்லை’ என்று இன்னொருவரும் ஒரே கழிமுகத்தைப் பற்றிச் சொல்வதில் முரண்பாடு இருக்க வேண்டியதில்லை. இருவரும் இரை வீசிய நேரம் வெவ்வேறாக இருந்திருக்கலாம்.

தூண்டில்காரர்களிடையே கிளிப்பச்சை மஞ்சள் இரைக்குள்ள பெரும்புகழையும் இங்கே குறைத்து மதிப்பிட வேண்டியிருக்கிறது. பாஸ் மீன் அதை வெள்ளையோடு குழப்புகிறது என்றால், அதன் பலம் நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. அது ஒளிர்சாயமாக இருந்தாலும், அதைத் தூண்டுவது பெரும்பாலும் புற ஊதாவும் நீலமும். கறைநீர் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். ஒளிரும் ஆரஞ்சைப் பச்சையொளியே தூண்டும். அது சற்று ஆழத்திலும் ஒளிரும். அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், கலங்கிய ஆற்றில் முக்குளிப்போர் கண்ணுக்கு ஒளிரும் ஆரஞ்சும் தெளிந்த நீரில் ஒளிரும் பச்சையும் முந்தின. அவை மனிதக் கண்கள் என்பது உண்மை. ஆனால் தூண்டும் ஒளி வந்து சேர்கிறதா என்பது நீரின் கணக்கு. பார்ப்பவர் யாரென்பது அதை மாற்றாது.

நம் கழிமுகத்தில் தேடும் கொடுவா, பாஸ் அல்லவே என்பது நியாயமான ஆட்சேபம். ஒன்று வட அமெரிக்க நன்னீர் மீன். மற்றது கடலில் முட்டையிட்டுக் கழிமுகத்தில் வளர்வது, வேறு குடும்பம். ஆகவே 535, 614 என்ற எண்களை அப்படியே கொடுவாவின் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனால் டார்ச் வெளிச்சம் பட்டால் கொடுவாவின் கண் செந்தணலாக மின்னும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதன் அடையாளம் அது. மங்கிய ஒளியில் வேட்டையாடும் மீனின் கண். நிறத்தைப் பிரிக்க இயலாத குச்சி செல்களைச் சார்ந்தே அந்த வேளையில் அது இரை தேடுகிறதென்றால், என் வாதம் கொடுவாவுக்கு இன்னும் இறுக்கமாகவே பொருந்துகிறது.

மீன் அதிர்வாலும் மணத்தாலும் இரையைக் கண்டுகொள்ளும், நிறமே வீண் என்போர் உண்டு. கடைசி சாண் தொலைவுக்கு அது சரி. திரும்பிப் பார்க்கவைக்கும் தொலைவுக்கு அது முழு விடையாகாது. ‘என் அனுபவத்தில் இந்த நிறம்தான்’ என்ற சான்றை நான் ஏற்பதில்லை. நம்பிய நிறத்தையே நாள் முழுதும் வீசுகிறவருக்கு அந்த நிறத்தில்தான் மீன் கிடைக்கும்.

கறையும் கலங்கலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 18-ஆம் தேதிக் கணக்குப்படி புன்னக்காயலுக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படியொரு வெள்ளம் கொண்டுவருவது கரைந்த சாயம் அல்ல, வண்டல். வண்டல் ஒளியை உறிஞ்சுவதைக் காட்டிலும் சிதறடிக்கிறது. கண்ணுக்கும் இரைக்கும் இடையே வெண்திரை விழுந்து, எந்த நிறமும் சில அடிகளில் வெளிறிவிடும். அங்கே பெரிய, கறுத்த, அதிரும் இரையைத் தவிர வேறெதற்கும் நான் பரிந்துரை எழுத மாட்டேன். இரண்டையும் பிரிக்கக் கருவி வேண்டாம்: ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நீரை மொண்டு ஓர் இரவு அசையாமல் வைத்தால், வண்டல் பெரும்பாலும் அடியில் படியும், சாயம் அப்படியே நிற்கும். வெறுமனே ‘கலங்கல்’ என்று பதிந்த குறிப்புகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன; அவற்றிலிருந்து எடுத்த நிற முடிவுகள் எவற்றையும் இனி மேற்கோள் காட்டக் கூடாது.

ஆகவே கழிமுகத்தில் மீன் பதிவு வைப்போருக்கு ஒரு வேண்டுகோள். இரையின் நிறத்தை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே மூன்று கட்டங்கள் சேருங்கள்: நேரம், வெள்ளைத் தட்டை இறக்கி அது மறையும் ஆழம், மறுநாள் காலையில் பாட்டிலில் எஞ்சிய நிறம்.