வழு, வழாநிலை, வழுவமைதி: இயங்குதளங்களில் தமிழ் நிலைபெற்ற வரலாறு

முன்னுரை

கணினித் தமிழின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மாநாடுகளையும் முன்னோடிகளையும் தரப்பாட்டு அறிவிப்புகளையும் கொண்டே காலத்தைப் பகுக்கின்றனர். இப்பகுப்பு பயனுடையதேயாயினும் முழுமையானதன்று. இயங்குதளங்களின் பதிப்புதோறும் செய்யப்பெற்ற சிறுசிறு திருத்தங்களே தமிழைத் திரையில் நிலைபெறச் செய்தன என்பதும், அவற்றையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்திலுள்ள லிங்கி வட்டாரத் தோட்டங்களைப் பற்றிய செய்திகளைத் தொகுக்க முற்பட்டபோது இக்கருத்து நமக்கு உறுதிப்பட்டது. 1990களில் கணினியில் அச்சுக்கோக்கப்பெற்ற கோயில் திருவிழா மலர் ஒன்றின் கோப்பு நமக்குக் கிடைத்தது. அதனைத் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றேனும் தோன்றவில்லை. உரோமன் எழுத்துகளும் குறியீடுகளுமே திரையை நிரப்பின. அக்கால இயங்குதளங்கள் தமிழை அறிந்திருக்கவில்லை. உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி எழுத்துருக்களே அக்குறையை ஈடுசெய்தன. கோப்பு சிதையாமல் இருந்தும் அதற்குரிய எழுத்துரு கிடைக்காமையால் மலரைப் படிக்க இயலாதாயிற்று.

பெயர்கள் காட்டும் சிக்கல்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டுக் குறியேற்றத்தை அடியொற்றி அது அமைந்தது. இம்முறையில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே பதிவாகின்றன. 'லிங்கி' என்னும் பெயர் நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. கணினிக்கோ ஆறு குறிகள். 'நெகிரி செம்பிலான்' என்பதில் எகரக் குறி மெய்வடிவத்தின் இடப்புறம் தோன்றவேண்டும். ஆனால் நினைவகத்தில் அதற்குப் பின்னரே பதிவாகும். இடம்மாற்றிக் காட்டுவது இயங்குதளத்தின் கடமை. அது தவறின் மாநிலத்தின் பெயரிலுள்ள இரு சொற்களுமே முதலெழுத்தில் சிதைந்து தோன்றும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளத்தில், லதா எழுத்துருவுடன் இத்தகைய ஒருங்குறித் தமிழுக்கு இடம் கிடைத்தது.

தோற்றம் சீரான பின்னரும் சிக்கல்கள் எஞ்சின. 'போர்ட்டிக்சன்' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. இரண்டையும் சமமாகக் கொள்ள ஒருங்குறி விதி செய்துள்ளது. அவ்விதியைப் பின்பற்றாத நிரலில் தேடுவோர்க்கு ஊரின் பெயர் அகப்படாது. 2005இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பு தமிழ்ச் சுழியத்தையும் 'ஶ' எழுத்தையும் சேர்த்தது. இதன்பின் 'ஸ்ரீ' என்பதை இருவகையாக எழுதும் நிலை தோன்றியது. இங்குச் சமன்பாட்டு விதியும் இல்லை. அரச நகராகிய ஸ்ரீ மெனாந்தியின் பெயரையும், தோட்டந்தோறும் உள்ள மாரியம்மன் கோயில்களின் பெயர்களையும் தேடுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு திருத்தம் மற்றொரு வழுவுக்கு வாயிலாதலும் உண்டு.

திருத்துவோர்

நிரலில் நேரும் பிழையைக் கணினித் தமிழார்வலர் 'வழு' என்றே வழங்குகின்றனர். நம் இலக்கண மரபு வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதியையும் கூறும். ஒருங்குறியிலும் அதற்குச் சான்றுண்டு. ஆய்த எழுத்துக்கு 'விசர்க்கம்' எனப் பெயரிட்டனர். ஒருமுறை இட்ட பெயரை மாற்றலாகாது என்பது ஒருங்குறியின் விதி. எனவே அப்பெயர் நிற்க, 'ஆய்தம்' என்னும் குறிப்பு அருகே சேர்க்கப்பெற்றது.

இவ்வரலாற்றில் மலேசியாவின் பங்கு சிறிதன்று. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் அமைந்தது. மறு ஆண்டே தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2005இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில் முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு இடம்பெற்றது.

இவை பெயர் அறியப்பட்ட பணிகள். லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களைச் சார்ந்த திட்டங்களில் பெயர் பரவாத பலர் உழைத்துள்ளனர். பயனர் ஒருவர் வழுவை அறிவிப்பார். வேறொருவர் சில வரிகளில் திருத்தம் எழுதுவார். மூன்றாமவர் சரிபார்த்து ஏற்பார். யார், எப்போது, எக்காரணம் பற்றி மாற்றினார் என்பது, 2005இல் தோன்றிய கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவிகளில் பதிவாகிறது. கல்வெட்டு ஆய்வாளர்க்கு ஒப்பான சான்றுத்தொகுதி இது எனலாம்.

சிறு வழுவின் விளைவு சிறிதென எண்ணலாகாது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்தைக் காட்ட முற்பட்ட ஐபோன் செயலிகள் செயலிழந்தன. அம்மாதமே வெளிவந்த ஐஓஎஸ் 11.2.6 பதிப்பு அதனைத் திருத்தியது. தென்னிந்திய எழுத்துகள் இயங்குதளங்களில் இடம்பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் இவ்வாறு நேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன; அங்கு வாழ்ந்தோர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். அவ்வாழ்வின் எழுத்துச் சான்றுகளாகப் பள்ளி மலர்களும் கோயில் மலர்களும் சங்கக் குறிப்புகளுமே பல இடங்களில் எஞ்சுகின்றன. அவற்றுள் 1990களில் தட்டச்சானவை பழைய குறியேற்றங்களில் சிறைப்பட்டுள்ளன. உரிய எழுத்துருக்களும் மாற்றுக் கருவிகளும் கிடைக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்பையும் உடன் பேணுதல் வேண்டும்.

இயங்குதளத்தில் தமிழ் பிழைபடத் தோன்றின், அதனை உரிய திட்டத்தினர்க்கு அறிவிப்பதும் தமிழாசிரியர் பணியே. மொழியின் வழுவை முதலில் உணரும் தகுதி அவர்க்கே மிகுதி. அவர் அறிவிக்கும் ஒரு வரி, நாளை லிங்கித் தோட்டத்துப் பெயரொன்றைத் தேடும் மாணவர்க்கு அது கிடைக்க வழிசெய்யும்.