லயம், புறம்போக்கு, தாமான்: கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பு விதிச்சொற்களும் தமிழர் வாழ்விடமும்

முன்னுரை

ஒரு குடும்பம் வாழும் இடத்திற்குப் பேச்சுவழக்கில் ஒரு பெயரும் அரசு ஆவணத்தில் வேறொரு பெயரும் இருப்பது புதிதன்று. ஆனால், அவ்விரு பெயர்களுக்கும் இடையிலான தொலைவே அக்குடும்பம் அவ்விடத்தில் நிலைத்திருக்க இயலுமா என்பதைத் தீர்மானிக்குமாயின், அது சொல்லாராய்ச்சியைக் கடந்து சமூக வரலாற்றுக்கு உரிய பொருளாகிவிடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் தம் வாழ்விடத்தைக் குறிக்க லயம், குவாட்டர்ஸ், கம்பம், புறம்போக்கு, தாமான் முதலிய சொற்களை வழங்கிவந்துள்ளனர். இவற்றுள் பெரும்பாலானவை வீட்டின் தோற்றத்தையோ அங்கு வாழ்வோரின் வாழ்க்கையையோ சுட்டுகின்றன. சட்டம் கையாளும் சொற்களோ நிலத்திற்கும் அதில் இருப்பவருக்கும் உள்ள உறவைச் சுட்டுகின்றன. இவ்விரு சொல்லுலகங்களின் இடைவெளியில் தமிழர் இழந்தது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அத்தாப்பும் செங்கல்லும்

சிலாங்கூரின் நிருவாகத் தலைமையகம் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1881 ஜனவரியில் பெருந்தீயும் டிசம்பரில் பெருவெள்ளமும் அந்நகரைச் சிதைத்தன. அத்தாப்பு வேய்ந்த மரவீடுகள் நெருங்கி நின்ற ஊரில் தீ பரவுவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என வற்புறுத்தினார். அத்தேவையை நிறைவுசெய்யச் செங்கற் சூளைகள் பெருகிய பகுதியே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. இன்று தமிழர் பண்பாட்டு மையமாகப் போற்றப்படும் ஓர் ஊர்ப்பகுதியின் பெயருக்குப் பின்னே கட்டட விதி ஒன்று இருப்பது கருதத்தக்கது. 1890இல் கோலாலம்பூர்ச் சுகாதார வாரியம் நிறுவப்பட்டபின் கட்டடக் கட்டுப்பாடு நகராட்சியின் நிலையான பணியாயிற்று.

இத்தொடக்ககால விதிகள் வீட்டை அதன் பொருளால் வகைப்படுத்தின. அத்தாப்பு நிலையற்றது, செங்கல் நிலையானது என்னும் பாகுபாடு அவ்வாறு வேரூன்றியது. பிற்காலத்தில் பலகையும் தகரமும் கொண்டு எழுந்த எளியோர் வீடுகள், அவற்றில் எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும், தற்காலிகமானவையாகவே மதிக்கப்பட்டதற்கு இப்பாகுபாடும் ஒரு காரணம் எனலாம்.

விதி ஒன்று மக்கள் வழக்கில் இனிதாகக் கலந்தமைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1822இல் சிங்கப்பூருக்கு ஸ்டம்போர்ட் ராபிள்ஸ் வகுத்த நகரமைப்பு அறிவுறுத்தல், வீடுகளின் முன்னே கூரையிட்ட தொடர் நடைவழி இருக்க வேண்டும் எனக் கூறியது. மலாய்மொழி அதனைக் காக்கி லீமா என்றது. இந்நாட்டுத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் அஞ்சடி என்றன. அளவைக் குறித்த சொல் இடத்தின் பெயராயிற்று. இங்கு விதியும் வழக்கும் ஒன்றையே குறித்தன. தோட்டக் குடியிருப்பில் இவ்வொற்றுமை அமையவில்லை.

லயமும் குவாட்டர்ஸும்

படைவீரர் குடியிருப்பு வரிசையைக் குறித்த ஆங்கிலச் சொல், இலங்கை மலையகத்திலும் மலாயாவிலும் தோட்டத் தொழிலாளரின் தொடர்வீடுகளைக் குறித்துத் தமிழில் லயம் ஆயிற்று. இசையையும் ஒன்றுதலையும் குறிக்கும் வடசொல்லோடு இது ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே. மலையக லயத்தின் அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதாவது ஏறத்தாழ 11 சதுர மீட்டர். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைவிதிகள், ஒரு வீட்டின் முதல் வாழறை மட்டுமே 11 சதுர மீட்டருக்குக் குறையாது இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டாம் அறைக்கு 9.3, ஏனையவற்றுக்கு 6.5 சதுர மீட்டர் எனத் தொடர்கின்றன. ஒரு குடும்பத்தின் முழு வாழ்விடமாக முன்னர் ஏற்கப்பட்ட பரப்பு, பின்னர் வீட்டின் ஓர் அறைக்குரிய பரப்பாகவே கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

பரப்பைவிட முதன்மையானது உரிமை. கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளருக்கு இருப்பிடம் வழங்குவதை முதலாளியின் கடமையாக்கின. 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கடமையை விரிவாக்கின. இவை நன்மை பயத்தவையே. எனினும், இவை அனைத்தும் வீட்டை வேலையின் உறுப்பாகக் கண்டன. வேலை முடிந்தால் வீடும் முடியும். பிரிக்பீல்ட்ஸில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டு 2010களில் இடிக்கப்பட்ட, நூறு குவாட்டர்ஸ் எனப் பெயர்பெற்ற அரசுப் பணியாளர் குடியிருப்புக்கும் இதுவே பொருந்தும். வாழ்ந்தவர்களுக்கு அது ஊர். ஆவணத்தில் அது பணியிட வசதி.

நத்தம் இல்லாத ஊர்

தமிழகச் சிற்றூரில் விளைநிலம் வேறு, குடியிருப்பு நிலம் வேறு. குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட பகுதி கிராம நத்தம் எனப்படும். நிலமற்ற உழவுத் தொழிலாளியும் நத்தத்தில் தன் மனையைத் தன்னுடையது எனக் கருதும் வழக்கம் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு அந்நிலமும் உறுதியாக வாய்க்கவில்லை என்பது வரலாறு. ஆயினும், பிழைப்பு நிலமும் வாழ்விட நிலமும் வெவ்வேறு என்னும் எண்ணம் ஊரமைப்பிலேயே இருந்தது.

மலாயாத் தோட்டத்தில் நத்தம் இல்லை. கோயில், பள்ளி, லயம், இடுகாடு அனைத்தும் ஒரே நிலப்பட்டாவுக்குள் அடங்கின. 1966 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத் தொகுப்பு நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூவகையாக்கியது. தோட்டம் விவசாய வகையைச் சேர்ந்தது. விவசாய நிலத்தில் உரிமையாளருக்கும் அங்கு வேலை செய்வோருக்கும் வீடு கட்டச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், அவ்வீடு விவசாயத்திற்குத் துணையானதாகவே அங்கு நிற்கிறது. நில வகை கட்டடம் என மாற்றப்பட்டு இரப்பர் மரங்கள் வெட்டப்படும்போது, லயம் நிற்பதற்கான சட்டக் காரணமும் மரங்களோடு சாய்ந்துவிடுகிறது.

பரப்பளவில் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என அச்சட்டத் தொகுப்பின் 214ஏ பிரிவு கூறுகிறது. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலின் படிப்பினையே இதற்குப் பின்னணி. அத்துண்டாடலுக்கு எதிர்வினையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் நிலவுடைமையாளராக வேண்டும் என்ற அம்முயற்சி, சிக்கல் வீட்டில் அன்று, நிலத்தில் உள்ளது என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தது.

புறம்போக்கு என்னும் சொல்

சென்னை மாகாண வருவாய் வழக்கில் புறம்போக்கு என்பது தீர்வைக்குப் புறம்பான நிலம். மேய்ச்சல் நிலம், ஏரி, பாதை, சுடுகாடு முதலியன அவ்வகையின. ஆகவே அது ஊரின் பொதுப்பயன்பாட்டோடு பிணைந்த சொல். அச்சொல் கடல்கடந்து வந்தபோது பொருள் மாறியது. மலேசியத் தமிழ் வழக்கில், உரிமையின்றிக் குடியேறப்பட்ட நிலம் புறம்போக்கு எனவும் அங்கு வாழ்வோர் புறம்போக்குவாசிகள் எனவும் அழைக்கப்பட்டனர். மலாய்மொழியின் செத்திங்கான் என்னும் சொல்லுக்கு இதுவே நிகராயிற்று.

இம்மாற்றத்தால் இரு குழப்பங்கள் விளைந்தன. முதலாவது, காலத்தால் உரிமை கனியும் என்ற நம்பிக்கை. இந்தியச் சட்டத்தில், தனியார் நிலத்தை 12 ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்தவர் அதன்மேல் உரிமை கோர வழியுண்டு. மலேசிய நிலச் சட்டத் தொகுப்போ பதிவேட்டையே உரிமையின் ஊற்றாகக் கொண்டது. அரசு நிலத்தில் நெடுங்காலம் இருந்ததனால் மட்டும் உரிமை பிறவாது என அதன் 48ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் நிலத்திற்கும் நிலை அதுவே. ‘முப்பது ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறோம்’ என்னும் வாதம், மக்கள் மன்றத்தில் வலிமை பெறினும், நிலப் பதிவேட்டில் எடுபடவில்லை.

இரண்டாவது, வேறுபட்ட நிலைகள் ஒரே சொல்லுள் அடங்கியமை. அரசு நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்று ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தியவரும், எவ்வுரிமமும் இல்லாதவரும், வேலை இழந்தபின் லயத்திலேயே தங்கியவரும் ஒருங்கே புறம்போக்கு எனப்பட்டனர். சட்டத்தின் பார்வையில் மூவரும் வேறு. உரிமம் பெற்றவர்க்கு வரம்புக்குட்பட்ட உரிமை உண்டு; ஆயினும் அவ்வுரிமம் அந்தந்த ஆண்டு இறுதியில் முடிவடையும், பிறருக்கு மாற்ற இயலாது, உரிமதாரர் இறந்தால் ஒழியும். தந்தையின் உரிமம் தனக்கும் உரியது என நம்பிய மகன், கிராண்டுக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வாய்ப்பளிக்கும் சொல் வழக்கில் இல்லை.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

தாமான் என்னும் மலாய்ச் சொல்லும் தோட்டம் என்னும் தமிழ்ச் சொல்லும் அடிப்படையில் ஒரே பொருளின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகராகவும், எபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாகவும், சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா குடியிருப்புகளாகவும் மாறியபோது, ஒரு தோட்டம் சென்று இன்னொரு தோட்டம் வந்தது. ஆனால் நில வகை மாறியது; அதனோடு அங்கு வாழத் தகுதியுடையவர் யார் என்பதும் மாறியது. குறைந்த விலை வீட்டுக்கு 1980களில் வகுக்கப்பட்ட 25,000 ரிங்கிட் என்னும் விலையும், 1998இல் உயர்த்தப்பட்ட 42,000 ரிங்கிட் என்னும் உச்சவிலையும் நகர ஊழியனுக்குக் குறைவாகத் தோன்றலாம். நாட்கூலி பெற்ற பால்வெட்டுத் தொழிலாளிக்கு அவை எளிதில் எட்டக்கூடியவை அல்ல.

இரு வழக்குகள்

புக்கிட் ஜாலில் தோட்டக் குடும்பங்களுக்கு 2011இல் வெளியேறும்படி அறிவிப்பு வழங்கப்பட்டது. அதற்குக் கையாளப்பட்டது, ஆக்கிரமிப்பாளரை அகற்றுவதற்கென 1969இல் இயற்றப்பட்ட அவசரகால ஒழுங்குவிதி. தாங்கள் ஆக்கிரமிப்பாளர் அல்லர், தோட்டத் தொழிலாளரே என்பதுதான் அக்குடும்பங்களின் முதன்மை வாதமாக இருந்தது. வழக்கின் உயிர்நாடி ஒரு பெயர்ச்சொல்லில் இருந்தது. தொழிலாளி எனில் இழப்பீடும் மாற்றுவீடும் பேச்சுக்குரியவை. ஆக்கிரமிப்பாளர் எனில் அறிவிப்பு ஒன்றே போதும். அவசரகாலப் பிரகடனங்களை நாடாளுமன்றம் 2011 இறுதியில் நீக்கியதைத் தொடர்ந்து, அவற்றின்கீழ் அமைந்த சட்டங்கள் 2012இல் செயலிழந்தன.

புக்கிட் கியாராத் தோட்டத்திலிருந்து 1980களில் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை அடுத்து, ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டன. அத்தற்காலிகம் ஒரு தலைமுறையைத் தாண்டியும் நீடித்தது. அவ்விடத்தை ஒட்டிய ரிம்பா கியாரா பூங்காவில் உயர்ந்த அடுக்குமாடிகளுடன் இக்குடும்பங்களுக்கான வீடுகளையும் கட்ட 2017இல் மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. நகரமைப்புத் திட்டத்தில் அந்நிலம் பொதுத் திறந்தவெளி எனக் குறிக்கப்பட்டிருந்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அமைப்புத் திட்டம் சட்ட வலிமை உடையது, தக்க காரணமின்றி அதிலிருந்து விலகலாகாது என்பது தீர்ப்பின் சாரம். திறந்தவெளி என்னும் வகைச்சொல்லுக்கு அரண் கிடைத்தது. தற்காலிக வீடு என்னும் சொல்லில் வாழ்ந்தவர்களுக்கு அத்தகைய அரண் எத்திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

விதிச்சொற்களும் தமிழும்

இன்றும் இச்சிக்கல் தொடர்கிறது. கிள்ளானில் வீடு கட்டுவோர்க்கு 1976ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தின்கீழ்த் திட்ட அனுமதி வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில் இருப்பதால், அங்கு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மேம்பாட்டு ஆணை வேண்டும். கட்டட வரைபட ஒப்புதல் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தைச் சார்ந்தது. நகராண்மைக் கழகங்கள் வழங்கிய குடிபுகு தகுதிச் சான்றிதழின் இடத்தில், 2007 முதல் கட்டுமானத்திற்குப் பொறுப்பான நிபுணர் வழங்கும் நிறைவு, இணக்கச் சான்றிதழ் வந்தது. தமிழில் இவை யாவும் அனுமதி என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதே பெரும்பான்மை. ஓர் அனுமதியைப் பெற்றவர் அனைத்தையும் பெற்றதாக எண்ணிவிடுதற்கு இது வழிசெய்கிறது.

தமிழாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இங்கு ஆற்றவேண்டிய பணி உண்டு. புறம்போக்கு என்பதை நிலத்தைக் குறிக்க மட்டும் வழங்கலாம். மனிதரைக் குறிக்க வழங்குதல் தகாது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம், உரிமமற்ற குடியிருப்பு, பணிசார் குடியிருப்பு ஆகிய மூன்றையும் பிரித்து வழங்குதல் வேண்டும். நில வகை, வெளிப்படை நிபந்தனை, வகை மாற்றம் ஆகியவை பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் ஒரே சீராக இடம்பெறுதல் நலம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல பிறருடைய நிலத்தில் நின்றதால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நீடித்ததை ஆசிரியர் நன்கறிவர். அவர்களுக்கு இச்சொற்கள் அயலானவை அல்ல.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் நகரங்களானபோது தமிழர் இழந்தவற்றுள் வீடு ஒரு பகுதியே. வாழ்விடத்தை வேலையிலிருந்து பிரித்துக் காட்டும் நத்தம் போன்ற ஒரு நிலவகை தோட்டத்தில் இல்லாமற் போனது அதனினும் பெரிது. அக்குறையைச் சட்டம் நிரப்பவில்லை. வழக்குச் சொற்களோ அதனை மறைத்தன. லயம் என்னும் சொல் மூன்று தலைமுறையின் நினைவைச் சுமக்கிறது, அந்நினைவு போற்றுதற்குரியது. அதனோடு, அவ்வீடு எந்நிலத்தில், எவ்வகையில், எவர் பெயரில் நின்றது என்று கேட்கும் பழக்கமும் வளர்தல் வேண்டும். அடுத்த தலைமுறை கையெழுத்திடும் ஆவணங்களில் அக்கேள்விகளுக்கான விடைகளே முதலில் எழுதப்பட்டிருக்கும்.